டப்பாவில் கிடந்த பித்தளைப் பட்டைகள்

பாட்டு ஓடிக்கொண்டிருந்த ரிசீவர் 'டொக்' என்று மறுபடியும் அணைந்தது. கட்டிலில் படுத்திருந்த மனைவி இடது கையால் மெத்தையை ஓங்கி ஓங்கி அடித்தாள். "வேணாம், வேணாம், வேணாம்" என்றாள். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் இறங்கியது. ரிசீவருக்கு முன்னால் மண்டியிட்டிருந்த திருப்புளியார் எழுந்து வந்து சட்டை முனையால் அதைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவள் இன்னும் வேகமாக அடித்தாள். மனிதருக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திருப்புளி என்பது, திருகாணி முடுக்குகிற கருவியின் பேரில், கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். மரச்சாமான் கடை அது. அலமாரி, கட்டில், மேசை எல்லாம் பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் வாங்கினவர் வீட்டுக்குப் போகும். பின்னாலேயே இவர் போய்ப் பூட்டி நிறுத்திவிட்டு வருவார். தலை நரைத்த பிறகு மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: வேலை முடிந்தபின் கையில் எதுவும் மிஞ்சக் கூடாது. ஒரு திருகாணி மிஞ்சினாலும், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம். ஒருமுறை புதுமணத் தம்பதியின் கட்டிலைப் பூட்டி முடித்தபோது ஒரு சின்ன மரக்குச்சி மிஞ்சிவிட்டது. மாப்பிள்ளை வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்க, இவர் மொத்தக் கட்டிலையும் பிரித்துப் போட்டுத் தேடினார். கடைசியில் பார்த்தால், ஒன்று தொலைந்தால் உதவட்டும் என்று கம்பெனிக்காரன் உபரியாகப் போட்டது அது. அதற்குப் பிறகாவது திருந்தினாரா என்றால் இல்லை.

அவர் மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிறவள். தண்ணீர் வரவில்லை என்றும், வந்த தண்ணீர் நாறுகிறது என்றும் ஊர் முழுக்க அவள் காதில்தான் வந்து கத்தும். பகலெல்லாம் கத்தலைக் கேட்ட காதுக்கு வீட்டில் ஒரு மருந்து வேண்டும் என்று, அவளாகவே படித்து, விசாரித்து, கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு ரிசீவரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து சேர்த்தாள். புத்தக அலமாரித் தட்டில் அடங்கிவிடுகிற சின்ன ஸ்பீக்கர்கள்தான். ஒவ்வொன்றின் முகத்திலும் மேலே ஒரு சின்ன வட்டம், கீழே ஒரு பெரிய வட்டம். சின்னது கீச்சொலிக்கு, பெரியது அடித்தொண்டைக்கு. ஞாயிற்றுக்கிழமை அவள் அவற்றைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் கட்டின புருஷனுக்கே பொறாமை வரும்.

சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்கு இதே பேச்சு. "இந்த ரிசீவருக்குள்ள ஏழு ஆம்ப், அதாவது சத்தத்தைத் தூக்கிக் குடுக்க ஏழு ஆள் இருக்காங்க. நாம ரெண்டு பேரைத்தான் வேலை வாங்குறோம். சும்மா உக்காந்திருக்கிறவங்கள்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டு, நீங்க மேல் வட்டத்தைப் பாருங்க, அவங்க கீழ் வட்டத்தைப் பாத்துக்குவாங்கன்னு பிரிச்சுக் குடுக்கணும். அதுக்குப் பேர்தான் பை-ஆம்ப்" என்பாள். இம்பீடன்ஸ் என்பாள், ஓம் என்பாள். திருப்புளியார் வாயில் இருப்பதை மென்றபடி, "பாட்டு கேக்குதில்ல, அப்புறம் என்ன?" என்பார். உங்களிடம் போய்ச் சொன்னேனே என்று அவள் நெற்றியில் தட்டிக்கொள்வாள். அத்தனை வருஷத்துப் பேச்சும் அவருக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

பக்கவாதம் அவளை அலுவலகத்திலேயே, கையில் போனோடு சாய்த்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மொத்தமாகப் போய், மிஞ்சியது 'வேணாம்' என்ற ஒரு சொல். பசித்தால் வாயைத் திறந்துகொண்டே வேணாம். வெளியூரில் இருக்கிற மகள் வந்து நின்றால் முகமெல்லாம் மலர்ந்து வேணாம். முதலில் அப்பாவும் மகளும் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். போகப் போகச் சிரிப்பு வற்றிவிட்டது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபின், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மாதிரி. அவர் வேலை செய்யும் பயிற்சி மருத்துவமனையில் நடக்கவும் பேசவும் மறுபடி பழக்குகிறார்கள். ஆனால் படுக்கைகள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. சொன்னால் புரிந்துகொள்கிறவர்களுக்குத்தான் அங்கே இடம். "கண்ணை மூடுங்கம்மா" என்றார் பயிற்சியம்மா. அவள் விழித்துப் பார்த்தாள். "இடது கையைத் தூக்குங்கம்மா" என்றார். நன்றாக இருக்கிற அந்தக் கை போர்வை மேல் அப்படியே கிடந்தது. பழகின சத்தம் எதையாவது கேட்க வையுங்கள், வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு தடவை வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பது திருப்புளியாருக்குத் தெரியும். எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று முடிவானவர்களை வைத்திருக்கும் இல்லம். அந்த இல்லத்துக்கு அலமாரி பூட்டப் போயிருக்கிறார். வரிசையாகக் கட்டில்கள். யாரும் பார்க்காத டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அலமாரிக்குக் கதவு எதற்கு, திறக்கிற ஆள் இங்கே யாருமில்லையே என்று அங்கிருந்த பணிப்பெண் கேட்டாள். பழகின சத்தம் என்று பயிற்சியம்மா சொன்னதும் அவர் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

மறுநாளே ஹாலில் இருந்த பாட்டு செட்டைக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தார். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒட்டுத்தாள் போட்டுக் கழற்றினார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒயரை எல்லாம் மாட்டி முடித்து, ரிமோட் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்தபோதுதான் ஒரு டப்பா கையில் சிக்கியது. திறந்தால், தங்கமாய் மின்னும் நாலு சின்னப் பித்தளைப் பட்டைகள். ஸ்பீக்கர் முதுகில் மேலே ஒரு ஜோடி குமிழ், கீழே ஒரு ஜோடி குமிழ். மேல் குமிழையும் கீழ்க் குமிழையும் இணைக்கிற மாதிரி அளவெடுத்துச் செய்த பட்டைகள். மிஞ்சின சாமான்! அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு நாள் பூட்டாமலா வைத்திருந்தாய் என்று மனைவியிடம் செல்லமாகக் கடிந்துகொண்டு, அவள் கண் முன்னாலேயே நாலையும் வாகாகப் பூட்டி முறுக்கினார். அவள் "வேணாம்" என்று கத்தினாள். பாட்டு கேட்கப் போகிற ஆவல் என்று நினைத்துக்கொண்டார்.

அங்கேதான் வினை. ஸ்பீக்கரை ஒரே ஜோடி ஒயரில் ஓட்டினால் அந்தப் பட்டை வேண்டும். கீழே வருவதை மேலே கடத்துவது அதுதான். பின்னாளில் அவளே மாட்டி வைத்திருந்தது போல, மேலுக்கு ஒரு ஜோடி, கீழுக்கு ஒரு ஜோடி என்று பிரித்து ஓட்டும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தனித்தனியாக வேலை செய்ய வேண்டிய இரண்டு பேர் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ரிசீவர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். இதை அவள் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டிருந்தால்தானே.

சத்தம் குறைவாக இருக்கும்போது கொஞ்சம் ஓடியது. அவளுக்குக் கேட்கட்டும் என்று கூட்டினால் டொக். கூட்டினால் டொக். ஒவ்வொரு டொக்குக்கும் அவள் அடிப்பாள், அழுவாள். திருப்புளியார் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். ரிசீவர் முதுகில் ஆறு முதல் பதினாறு ஓம் என்று இருந்தது. ஸ்பீக்கர் முதுகில் நாலு ஓம். நாலு ஆறைவிடக் கம்மிதானே, ஜாம் ஜாம் என்று தாங்குமே என்று குழம்பிப்போய் ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

ரிப்பேர் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே விளக்கினார். ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு. கம்மியாகத் தடுத்தால் கரண்ட் அதிகமாகப் பாயும், அத்தனையையும் ரிசீவர்தான் கொடுத்தாக வேண்டும். குழாய் அகலமானால் தொட்டி சீக்கிரம் காலியாகிற மாதிரிதான். ஆக நாலு ஓம் ஸ்பீக்கர் ஆறைவிடப் பெரிய சுமை. சொன்னது அத்தனையும் சரி. அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி ஓடியது என்று திருப்புளியார் கேட்டார். ரிசீவருக்கு வயசாகிவிட்டது என்று அவர் முடித்துவிட்டார். ஸ்பீக்கர் முதுகை வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. ரிசீவருக்குள் ஓம் அளவை மாற்றுகிற வழியை மட்டும் சொன்னார், ஓடாவிட்டால் செட்டைக் கொண்டுவாருங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மாற்றிப் பார்த்தார். டொக். தடிமனான புது ஒயர் போட்டார். டொக். ரிசீவருக்கு நேராக மின்விசிறியைத் திருப்பி வைத்தார். டொக். அவள் அலறல் பொறுக்காமல், தேவைப்பட்டால் கொடுங்கள் என்று டாக்டர் தந்திருந்த தூக்க மாத்திரையில் பாதியைக் கரைத்து ஊட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் வழிய வழிய, வேணாம் வேணாம் என்று முழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்தபடி தூங்கிப்போனாள், அல்லது அப்படித்தான் அவர் நினைத்தார். அந்தச் சமயம் பார்த்து மகள் போன் செய்தாள்.

அதுவரை கட்டி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து பேசினார். "உள்ள யாரும் இல்லம்மா. உங்கம்மா போயிட்டா. காலி வீட்டுக்குக் காவல் இருக்கிற மாதிரி நான் இருக்கேன். அன்னைக்கே அந்த ஆபீஸ் நாற்காலியிலயே முடிஞ்சிருந்தா அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். மகள் அப்பா அப்பா என்று அழுதாள். இவரும் குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவியின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை பயிற்சியம்மா வந்தார். நிதானமாகத்தான் பார்த்தார், குறை சொல்ல முடியாது. கண்ணை மூடச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், சீப்பையும் ஸ்பூனையும் முன்னால் வைத்துச் சீப்பை எடுக்கச் சொன்னார். மனைவியின் கண் அவர் முகத்திலேயே இருந்தது, கை அசையவில்லை. திருப்புளியார் கட்டில் கால்பக்கம் நின்று, எடும்மா, எடும்மா என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பயிற்சியம்மா பையை மூடினார். "மன்னிச்சுக்கோங்க ஐயா. இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்" என்று சொல்லி, போன் பேச ஹாலுக்குப் போனார்.

திருப்புளியார் நின்ற இடத்திலேயே நின்றார். அலமாரியும் கதவும் அந்தப் பணிப்பெண்ணும் கண்ணுக்குள் வந்தார்கள். பிறகு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சனியன் பிடித்த செட்டை இன்றைக்கே தலைமுழுகுகிறேன் என்று ஒரு ஸ்பீக்கரை ஒயரோடு தூக்கினார். வைக்க இடமில்லை. அவள் சாப்பிடுவதற்காக அவரே செய்து கட்டிலுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்த தள்ளுமேசை மேல், முதுகு அவள் பக்கம் தெரிய வைத்தார். ஒயரைக் கழற்றக் கையை வைத்தால் வியர்வையில் விரல் வழுக்கியது. குமிழைத் திருக வரவில்லை. பேரே திருப்புளி, ஆனால் கையில் திருப்புளி இல்லை. குறடாவது கிடைக்குமா என்று சமையலறைக்குப் போய்த் தேடினார்.

திரும்பி வந்தபோது அவள் இடது கை மேசை மேல் இருந்தது. இரண்டு விரலால் மேல் குமிழைத் திருகித் தளர்த்தினாள். கீழ்க் குமிழைத் தளர்த்தினாள். பட்டையை நகத்தால் நெம்பி வெளியே எடுத்துப் போர்வையில் போட்டாள். ஒயர் நழுவாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குமிழ்களை மறுபடி முறுக்கினாள். மூச்சு வாங்கியது. அடுத்த பட்டைக்குப் போனாள். அதையும் எடுத்து, அசையாமல் நின்ற புருஷனைப் பார்த்து நீட்டினாள். "வேணாம்" என்றாள். சாப்பாட்டு மேசையில் நெற்றியில் தட்டிக்கொள்ளும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

திருப்புளியார் ஹாலுக்கு ஓடி, போனும் கையுமாக இருந்த பயிற்சியம்மாவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தார். மேடம், இவளே கழற்றினாள், எதைக் கழற்ற வேண்டுமோ அதைக் கழற்றினாள் என்று மூச்சிரைக்கச் சொன்னார். பயிற்சியம்மா ஸ்பீக்கரைத் தொட்டுக் காட்டி, "இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேட்டார். கை கிடந்தது. மறுபடி கேட்டார். கிடந்தது. பயிற்சியம்மா திருப்புளியாரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. வெறும் பழக்கத்தில்கூட விரல் அப்படி அசையும் என்று மெதுவாகச் சொன்னார்.

போயிற்று. எல்லாம் போயிற்று என்றுதான் திருப்புளியார் அந்த நொடி நினைத்தார். நினைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷம் கூட இருந்தவள். இவள் எப்போது சொல்லிச் செய்திருக்கிறாள்? விளக்கை அணை என்றால் அணைக்க மாட்டாள். ஒயரைத் தப்பாக மாட்டினால் மட்டும் பாதித் தூக்கத்திலும் எழுந்து வருவாள்.

போர்வை மேல் கிடந்த பட்டையை எடுத்தார். அவள் கண் முன்னால், வேண்டுமென்றே மெதுவாக, அதை மறுபடி ஸ்பீக்கர் முதுகில் செருகிக் குமிழை முறுக்கினார்.

"வேணாம்!" கை பறந்து வந்தது. அவர் மணிக்கட்டில் ஒரு அடி. பிறகு இரண்டு விரல் குமிழுக்குப் போயிற்று. தளர்த்தி, நெம்பி, எடுத்து, முறுக்கி, பட்டையை மேசையை விட்டுக் கீழே தரையில் வீசினாள். இன்னும் நம்பாதவர் போல் திருப்புளியார் கறுப்பு ஒயரைச் சிவப்புக் குமிழில் கொண்டுபோய் வைத்தார். அதையும் பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்தாள். பயிற்சியம்மா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்றார்.

திருப்புளியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கை உறிஞ்சினார். பயிற்சியம்மா அவர் தோளில் தட்டினார். "ஒரு வேலையைச் செய்யுங்கன்னு நாம சொன்னா இவங்க மூளையால கைக்கு உத்தரவு போட முடியல. அவ்வளவுதான் ஐயா. நாம பேசுறது புரியுது. இத்தனை நாளா இந்த ரூம்ல நீங்க பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

திருப்புளியார் எழுந்திருக்கவில்லை. காலி வீடு என்று சொன்னது இந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான். அன்றைக்கே முடிந்திருந்தால் நல்லது என்று சொன்னதும் இதே இடத்தில்தான். அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது நினைவுக்கு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இன்னொரு ஸ்பீக்கரிலும் பட்டைகளைக் கழற்றினார். இரண்டையும் இருந்த இடத்தில் வைத்து ரிசீவரைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். டொக் கேட்கவில்லை. இன்னும் கூட்டினார். அவளுக்குப் பிடித்த பழைய பாட்டு அறை முழுக்க எழுந்தது. கீச்சொலி மேலேயும் அடித்தொண்டை கீழேயும் தனித்தனியாக நிற்பது அவருக்கே கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

நாலு பட்டைகளையும் கையில் இறுக்கிக்கொண்டு அவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னைக்கு போன்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

அதைச் சொல்ல வேண்டாம் என்கிறாளா, நீங்களே வேண்டாம் என்கிறாளா, வாயில் மிஞ்சியிருக்கிற ஒரே சொல் தானாக வந்து விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், பாட்டு முடியும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.